ஈரத் தரையும் எர்த் வயரும்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் பெக்டரி ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் காலில் படுவது தண்ணீர். பால் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர், கிரேப் மில்லின் உருளைகளுக்கு நடுவே ஓயாமல் ஊற்றும் தண்ணீர், உறைந்த பாலைப் பிழியும்போது வடியும் புளித்த சாறு, பாலை உறைய வைக்கச் சேர்த்த போமிக் அமிலத்தின் மிச்சம் எல்லாம் கலந்து சீமெந்துத் தரையில் ஓடி வாய்க்காலில் விழும். வெளியே ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இந்தத் தரையில் நின்றபடி ஒருவர் துருப்பிடித்த போல்ட் ஒன்றை அறுக்க கிரைண்டரை எடுக்கிறார். எக்ஸ்டென்ஷன் வயர் வாய்க்காலைக் கடந்து இழுபட்டு வருகிறது. எந்தத் தோட்டத்திலும் எந்த வாரமும் நடக்கிற சின்ன வேலை.

கையில் தூக்கிப் போகிற மின்கருவிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்து, தேதி எழுதிய டேக் ஒன்றை வயரில் கட்ட வேண்டும் என்பது ஒஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலைத்தலங்களில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தின் பின்னால் இருக்கிற பௌதிகவியலை விளங்கிக்கொள்ள, அங்குள்ள கம்பளம் விரித்த அலுவலகங்களைவிட இந்த ஈரத் தரைதான் நல்ல இடம்.

சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. கடத்துவது அதில் கரைந்திருக்கும் அயன்கள். ரப்பர் பாலின் சாற்றில் உப்புகள் உண்டு, அமிலம் உண்டு. ஆகவே பெக்டரித் தரையில் ஓடுவது குழாய்த் தண்ணீரைவிட நல்ல கடத்தி. மனித உடம்பில் மின்சாரத்துக்குப் பெரிய தடை வெளித்தோல்தான். காய்ந்த, காய்த்துப்போன கைத்தோல் ஆயிரக்கணக்கான ஓம் தடை தரும். ஊறிப்போன தோலுக்கு அந்தத் தகுதி இல்லை. ஈரக் கையிலிருந்து வெறுங்காலுக்குப் போகும் பாதையில் மொத்தத் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்சார சபை தருவது 230 வோல்ட். வகுத்தால் 230 மில்லி அம்பியர். ஒரு சாதாரண பல்பு எரியத் தேவையானதைவிடப் பெரிய ஓட்டம் இல்லை அது. ஆனால் இதயத்துக்கு மிகப் பெரிது.

எவ்வளவு பெரிது என்பதைச் சொன்னவர் சார்ள்ஸ் டால்சியல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். கையில் ஒரு செம்புக் கம்பியைக் கொடுத்து, மெல்ல மெல்ல மின்னோட்டத்தைக் கூட்டி, எந்த அளவில் மனிதனால் கையை விட முடியாமல் போகிறது என்று தொண்டர்களிடம் அளந்தார். 134 ஆண்களின் சராசரி 16 மில்லி அம்பியர். 28 பெண்களின் சராசரி 10.5. மாற்று மின்னோட்டம் முன்கைத் தசைகளைச் சுருக்கிவிடும்; மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிடப் பலமானவை; அதனால் விரல்கள் கருவியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். “கரண்ட் இழுத்து வச்சிருச்சு” என்று லயத்தில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லில் அனுபவம் சரி, காரணம் மட்டும் வேறு. கரண்ட் யாரையும் இழுப்பதில்லை. சொந்தக் கைதான் விட மறுக்கிறது.

இதயத்துக்கு அவர் கொடுத்த கணக்கு நேரத்தையும் சேர்த்தது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஆபத்தான மின்னோட்டம், அம்பியரில், 0.116ஐ நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. ஒரு செக்கனுக்கு 116 மில்லி அம்பியர். நம் 230 மில்லி அம்பியருக்கு இதை வைத்துப் பார்த்தால் கால் செக்கன்தான் அவகாசம். பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். எனவே மனிதன் எட்டிப்போய் சுவிட்சை அணைப்பான் என்ற நம்பிக்கையில் எந்தப் பாதுகாப்பையும் அமைக்க முடியாது. காப்பு முன்கூட்டியே கருவிக்குள் இருக்க வேண்டும், அல்லது போர்டில் தானாக இயங்க வேண்டும்.

கருவிக்குள் இருக்கிற காப்பு இரண்டு விதம். உலோக உடம்புள்ள பழைய ட்ரில், வெல்டிங் பிளான்ட், தண்ணீர் மோட்டார் போன்றவற்றில் உடம்பு எர்த் வயரோடு இணைந்திருக்கும். உள்ளே லைவ் வயர் நழுவி உடம்பைத் தொட்டால் மின்னோட்டம் எர்த் வழியே போகும், ஆள் வழியே அல்ல. பிளாஸ்டிக் உடம்புள்ள இன்றைய கிரைண்டர்களில் எர்த் வயரே கிடையாது. இரண்டு அடுக்குக் காவலி இருக்கும். பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அந்த இனம். இந்த இரண்டாவது இனத்தைப் பாதுகாப்பானது என்று கடைக்காரர் சொல்வார். காய்ந்த இடத்தில் சரிதான். கிரைண்டரின் விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்து கரித்தூள் விழும், அதன்மேல் ஈரம் சேரும். தூளும் ஈரமும் சேர்ந்து இரண்டு அடுக்குக் காவலிக்கும் மேலாக ஒரு மெல்லிய பாதை போட்டுவிடும். “லேசா சுர்ருங்குது, பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அந்தப் பாதையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

எர்த் வயரின் விஷயம் இதைவிட விசித்திரமானது. ஒரு கருவியில் லைவ் வயர் அறுந்தால் கருவி ஓடாது. நியூட்ரல் அறுந்தாலும் ஓடாது. உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவோம். எர்த் அறுந்தால்? கருவி முன்னைப் போலவே ஓடும். சத்தம் மாறாது, வேகம் மாறாது. எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இன்னொரு பழுது வந்து உடம்பில் லைவ் ஏறுகிற நாளில்தான் தெரியும். கையடக்கக் கருவிகளுக்குக் காலமுறைச் சோதனை என்று ஒன்று தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது.

அறுவது எங்கே என்றும் தெரியும்: பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில், அல்லது வயர் கருவிக்குள் நுழைகிற இடத்தில். அங்கேதான் மடங்கி மடங்கி நிமிர்கிறது. பிளக்கைக் கழற்றக் கம்பியைப் பிடித்து இழுக்கிறவர்கள் அதைத் துரிதப்படுத்துகிறார்கள். நல்ல எலக்ட்ரீசியன் பிளக் கட்டும்போது மூன்று கம்பிகளில் எர்த்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விடுவார். யாராவது இழுத்தால் லைவ் முதலில் பிடுங்கிக்கொள்ளட்டும், எர்த் கடைசியாகப் போகட்டும் என்று. மூன்றையும் ஒரே அளவில் வெட்டிய பிளக்கைத் திறந்து பார்த்தால் கட்டியவரின் அவசரம் தெரியும்.

இலங்கையில் இன்னொரு சிக்கல், முள். 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டை முள். 13 அம்பியர் சதுர முள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுர முள்ளையே நாட்டின் ஒரே தரமாக்க முடிவெடுத்தும், பழைய போர்டுகள் ஒரே நாளில் மாறிவிடாது. நடுவில் அடப்டர்கள் வாழ்கின்றன. இரண்டு முள் பிளக்கை மூன்று துளையில் ஏற்ற, எர்த் துளைக்குள் பேனா மூடியையோ குச்சியையோ நுழைத்துக் கதவைத் திறக்கிற வித்தை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதவை வைத்ததே லைவ், நியூட்ரல் துளைகளுக்குள் வேறு எதுவும் போகக்கூடாது என்பதற்காக.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலாவது, கண். வெட்டுப்பட்ட வயர், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு, கருகிய பிளக், கழன்ற கவர், உள்ளே தெரியும் நிற வயர். சோதனையில் விழும் கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே விழுகின்றன. மீற்றர் எதுவும் வேண்டாம். வெளிச்சமும் பொறுமையும் போதும். இரண்டாவது, எர்த் தொடர்ச்சி: பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து கருவியின் உலோக உடம்பு வரை 1 ஓமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஒஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரமான 3760 சொல்லும் எல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 0.75 சதுர மில்லிமீற்றர் வயரின் எர்த் கம்பி என்பது 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள 24 இழைகள். பிளக் கழுத்தில் 23 இழை அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, அறுந்த இடத்தின் நீளம் ஒரு சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அந்த ஒற்றை இழை கூட்டும் தடை சுமார் 0.005 ஓம். எந்தச் சாதாரண மல்டிமீற்றரும் இதைக் கண்டுபிடிக்காது. “நல்லா இருக்கு” என்று பீப் அடிக்கும். உண்மையான பழுது மின்னோட்டம் பாயும் நாளில் அந்த இழை ஃபியூஸாக எரிந்து போகும். அனுபவசாலிகள் அளக்கும்போதே வயரை நுனியிலிருந்து நுனிவரை மடக்கி ஆட்டிப் பார்ப்பதும், சில சோதனைக் கருவிகள் பல அம்பியர் மின்னோட்டத்தை எர்த் வழியே செலுத்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஆட்டாமல் எடுத்த வாசிப்பை நான் வாசிப்பாகவே எண்ண மாட்டேன்.

மூன்றாவது, காவலியின் தடை. இதற்கு மெகர். 500 வோல்ட் நேர் மின்னழுத்தத்தை லைவ், நியூட்ரல் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்து, உடம்புக்கோ எர்த்துக்கோ எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் கருவி தோல்வி. 1 மெகா ஓம் என்றால் 230 வோல்ட்டில் 0.23 மில்லி அம்பியர். உணர்கிற எல்லைக்கும் கீழே. மெகர் என்ற பெயரை லண்டனின் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் நிறுவனம் பதிவு செய்தது 1903இல். களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் யட்டியாந்தோட்டை வரை வந்து சேர்ந்ததும் அதே 1903இல்தான். ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போய்விட்டது. மெகர் இன்னும் இருக்கிறது.

அந்த ரயில் வளர்த்தெடுத்தது ரப்பரை. 1876இல் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நட்ட கன்றுகளின் வம்சம், ரயில் பாதையோடு இந்த மலையடிவாரங்களில் ஏறியது. அந்தக் காலத்து மின்வயர்களுக்குக் காவலியும் ரப்பர்தான். இங்கே வெட்டிய பால் உருண்டு, கப்பலேறி, எங்கோ ஒரு செம்புக் கம்பிக்கு மேலுறையானது. ஆனால் செம்பும் ரப்பரும் நல்ல உறவினர் அல்ல. பால் ஸ்டோரில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள்: செம்பு, பித்தளைப் பாத்திரம் பாலுக்கு ஆகாது என்பார்கள். துளி செம்பு கலந்தாலும் ரப்பர் ஒக்சிசனோடு சேர்வது வேகமாகி, நாளடைவில் பிசுபிசுத்து இளகும். அதுபோதாதென்று, ரப்பரை வல்கனைஸ் செய்யச் சேர்க்கும் கந்தகம் செம்பைக் கறுப்பாக்கித் தின்னும். அதனால்தான் பழைய ரப்பர் வயர்களின் செம்புக்கு வெள்ளீயப் பூச்சுக் கொடுத்தார்கள். பூச்சும் தீர, வெயிலும் ஓசோனும் வெளியிலிருந்து வெடிப்பு விழுத்த, உள்ளே ரப்பர் பொடிந்து உதிரும். பழைய பங்களாக்களின் கூரைக்குள் அப்படிப்பட்ட வயர் இன்னும் இருந்தால் மெகரைத் தொடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்றைய கருவி வயர்களில் பெரும்பாலும் பிவிசி. பட்டறைக்கு ஏற்ற தடித்த ரப்பர் வயர் செயற்கை ரப்பர். பிவிசி இந்த நோய்க்கு ஆளாகாது. ஆனால் வெல்டிங் பொறியிலும் கொதிக்கும் தகட்டிலும் உருகிவிடும், வெயிலில் காய்ந்து விறைக்கும்.

இப்போது டேக். அந்தச் சின்னத் துண்டில் இருப்பது மூன்று செய்திகள்: யார் சோதித்தார், எந்த நாள், அடுத்தது எந்த நாள். ஒஸ்திரேலியக் கட்டுமானத் தளங்களில் நிறமும் உண்டு: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சிவப்பு, மார்ச் முதல் மே பச்சை, ஜூன் முதல் ஓகஸ்ட் நீலம், செப்டெம்பர் முதல் நவம்பர் மஞ்சள். இருபது அடி தூரத்திலிருந்தே பழைய டேக்கை மேற்பார்வையாளர் கண்டுபிடிக்கலாம். 3760இன் 2010 பதிப்பு கால இடைவெளியை இடத்தை வைத்து வகுத்தது. கட்டுமானத் தளத்துக்கு வேறொரு தரம், அதில் 3 மாதம். பெக்டரி, பட்டறையில் 6 மாதம். வயர் மடங்கி நிமிரும் அலுவலகச் சூழலில் 12 மாதம். அசையாமல் கிடக்கும் மேசைக் கணினிக்கு 5 ஆண்டு. ஒரே கருவிதான், இடம் மாறினால் நாட்கள் மாறுகின்றன. இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தது எண்கள் அல்ல, அந்த ஏற்பாடு.

பிரித்தானியா வேறு வழி போனது. 1989ஆம் ஆண்டின் வேலைத்தல மின்சார விதிகள் “ஆபத்து வராதபடி பராமரி” என்கின்றன; எத்தனை மாதம் என்றோ, டேக் கட்டு என்றோ அதில் இல்லை. இருந்தும் ஆண்டுதோறும் எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும் என்ற நம்பிக்கை பரவி, கேத்தல் முதல் மேசை விளக்கு வரை கட்டணம் வாங்கிச் சோதிக்கும் தொழிலே வளர்ந்தது. 2011இல் அரசாங்கத்துக்காகப் பாதுகாப்பு விதிகளை மீளாய்வு செய்த பேராசிரியர் ராக்னர் லோஃப்ஸ்டெட், இந்த விதியில் என்ன கேட்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கச் சொன்னார்.

இலங்கையில் தேயிலை, ரப்பர் பெக்டரிகளுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் பார்வையிட வருவார்கள். நிற டேக் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. கையில் டேக் புத்தகம் இருந்து மெகர் இல்லாத தோட்டத்தைவிட, டேக் இல்லாமல் ஒரு கொப்பி வைத்திருக்கும் தோட்டம் மேல். ஒவ்வொரு கருவிக்கும் உடம்பில் இலக்கம் போட்டு, கொப்பியில் அந்த இலக்கத்துக்கு எதிரே எர்த் எத்தனை ஓம், காவலி எத்தனை மெகா ஓம் என்று எழுதிவைத்தால், டேக்கில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: போக்கு. போன தடவை 80 மெகா ஓம், அதற்கு முன் 200, இந்தத் தடவை 6. 1 மெகா ஓம் எல்லைப்படி 6 பாஸ். ஆனால் அந்த கிரைண்டர் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதை எண்களே சொல்லிவிடும். கழற்றித் துடைத்துக் காயவைக்க இது நேரம்.

இடைவெளி எவ்வளவு? மில் அறையிலும் வெல்டிங் பட்டறையிலும் புழங்கும் கருவிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். கட்டுமானத் தளத்தைவிட அந்த இடம் ஈரமானது. பெக்டரி ஒஃபீஸின் பிரிண்டருக்கு மூன்று மாதம் என்பது வீண் வேலை. தென்மேல் பருவமழை இறங்குவதற்கு முன், மே மாதத்தில் ஒரு சுற்று கட்டாயம். எக்ஸ்டென்ஷன் வயர்களையும் கருவிகளாகவே எண்ணி இலக்கம் போட வேண்டும்; பலர் விட்டுவிடுவது அதைத்தான், அதிகம் அடிபடுவதும் அதுதான்.

ஆனால் சோதனை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இன்று காலை பாஸான வயரை மதியம் ஒரு ட்ரொலி ஏறி நசுக்கலாம். அங்கே காப்பது போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்ச். இலங்கையில் சாதாரண இணைப்புகளுக்கு எர்த் என்பது அந்தந்தக் கட்டடத்தின் பக்கத்தில் மண்ணில் அடித்த கம்பிதான். மின்சார சபை லைனோடு அது வயரால் இணைந்திருப்பதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள மண்ணின் தடை 100 ஓம் என்றால், உடம்பில் லைவ் ஏறும்போது எர்த் வழியே போவது 2.3 அம்பியர். 6 அம்பியர் பிரேக்கருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, விழாது. கருவியின் உடம்பு ஏறத்தாழ முழு வோல்ட்டேஜோடு நிற்கும். சொந்த ட்ரான்ஸ்போமர் வைத்த பெரிய பெக்டரிகளில் கணக்கு வேறு. அங்கே எர்த் வழி தடை மிகக் குறைவாக அமைக்கப்பட்டிருந்தால் பிரேக்கரே விழலாம். மற்ற இடங்களில் ட்ரிப் சுவிட்ச் இல்லாத எர்த் அரைக் காப்புதான்.

ட்ரிப் சுவிட்ச் எர்த்தைப் பார்ப்பதே இல்லை. லைவில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும். இரண்டையும் ஒரே இரும்பு வளையத்துக்குள் விட்டால், சமமாக இருக்கும்வரை காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறுபாடு வந்தால் வளையத்தில் புலம் எழும், பொறி விடுபடும். உயிர்காக்கும் அளவில் நுட்பமான இத்தகைய கருவியை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கியவரும் அதே டால்சியல்தான். 30 மில்லி அம்பியர் ட்ரிப், 150 மில்லி அம்பியருக்கு மேல் கசிந்தால் 40 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். நம் ஈரத் தரை மனிதருக்கு இருந்த அவகாசம் 250 மில்லி செக்கன். இடையில் நல்ல தூரம் இருக்கிறது. ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவருக்கு மட்டும் இதனால் பயனில்லை. வளையத்துக்கு அவர் ஒரு பல்பு போலத்தான் தெரிவார். மாதம் ஒருமுறை அதன் ‘டி’ பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அது பொறியைத்தான் சோதிக்கிறது, மண்ணில் அடித்த கம்பியை அல்ல.

மழைக்காலத்தில் “ட்ரிப் நிக்க மாட்டேங்குது” என்று சொல்லி அதைத் தாண்டி வயர் போடுகிற வழக்கம் தோட்டங்களில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் உண்டு. விழுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 30 மில்லி அம்பியர் என்று எழுதிய சுவிட்ச் 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம். எர்த் உள்ள கருவி ஒன்றுக்கு 5 மில்லி அம்பியர் வரை கசிவு அனுமதி. நான்கு கருவிகள் தலைக்கு 5 கசிந்தால் 20. தனித்தனியே எல்லாம் பாஸ், கூடி நின்றால் ட்ரிப் விழலாம். அப்போது செய்ய வேண்டியது எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போடும்போது விழுகிறது என்று பார்ப்பது. ஒன்றைப் போட்டதுமே விழுந்தால் அந்தக் கருவிக்கு மெகர் வைக்க வேண்டும். கடைசியாக எதைப் போட்டாலும் விழுகிறது என்றால் கருவிகளில் குற்றமில்லை. ஒரு சுவிட்சின் கீழே கூட்டம் அதிகம். மில் அறைக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று என்று ட்ரிப்பைப் பிரித்துப் போட்டால் மழையிலும் நிற்கும்.